அக்கா தணிக்கை செய்த பறவைகள்

கப்பலில் வேலை என்பதால் பல நாட்டுத் துறைமுகங்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. சரக்கு இறங்கும் நேரத்தில் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். கண்ணில் பட்ட பறவையை ஒரு நீல நோட்டில் குறித்துவைப்பேன். 2023-இல் விடுமுறைக்கு வந்தபோது அதில் 52 பறவைகள் இருந்தன. உலகத்தில் சுமார் 11,000 பறவை இனங்கள் இருக்கும்போது 52 ஒன்றும் பெரிய எண் இல்லைதான். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன்.

அக்கா கணக்குத் தணிக்கை செய்பவள். எந்த நோட்டைக் கையில் கொடுத்தாலும் அவளுக்குச் சிவப்புப் பேனா தேவைப்படும். போதாக்குறைக்கு, நான் ஆசைப்பட்டு வாங்கி இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பறவைக் கையேடுகள் மூன்று அலமாரியில் கிடந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த லே துறைமுகத்துல பார்த்த பச்சைக் கிளி, சிவப்புக் கிளி, ரெண்டும் என்ன?"

நியூ கினித் தீவில் பார்த்தவை அவை. ஒன்று முழுப் பச்சை. மற்றது நல்ல சிவப்பு, வயிற்றில் நீலம். பச்சைக் கிளி, மரப்பொந்தில் இருந்த சிவப்புக் கிளிக்கு இரை ஊட்டியதை நானே பார்த்தேன். 'இனம் கடந்த நட்பு' என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்.

அக்கா கையேட்டைத் திருப்பிக் காட்டினாள். எக்லெக்டஸ் கிளி. பச்சை ஆண், சிவப்பு பெண். "நட்பு இல்லடா, குடும்பம்" என்று ஒரு கோடு கிழித்தாள். 51.

"19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களே இதை ரெண்டு இனம்னு நெடுங்காலம் நம்பினாங்க, தெரியுமா?" என்றேன். தெரியும், அடுத்த பத்தியிலேயே போட்டிருக்கிறது என்றாள்.

அடுத்து ராட்டர்டாம் பக்கம். தவிட்டு நிறக் கடற்காகம், திட்டுத்திட்டான கடற்காகம், முதுகு பாதி சாம்பலான கடற்காகம், வெள்ளை உடம்பும் சாம்பல் முதுகுமான கடற்காகம் என்று நாலு வரி. நாலுமே ஹெரிங் கடற்காகம். அது குஞ்சுப் பருவத்துத் தவிட்டு நிறத்தை விட்டுப் பெரிய பறவையின் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் வந்து சேர நாலு வருடம் ஆகும். ஒவ்வொரு வருடமும் ஒரு கோலம். ஒரே பிள்ளைக்கு நாலு பிறப்புச் சான்றிதழ் வாங்கிவைத்திருக்கிறேன் என்றாள் அக்கா. 48. (கடற்காகங்களை மட்டும் வைத்துப் பறவை பார்ப்பவர்களை மதிப்பிடக் கூடாது என்பது என் கருத்து. அது பறவை அல்ல, தேர்வுத்தாள்.)

அதே பக்கத்தில் 'சிறிய பருந்து மாதிரி, வயிற்றில் பட்டை பட்டையாக வரிகள், சின்னக் குருவிகள் துரத்துகின்றன' என்று ஒரு குறிப்பு. நாலு வரி தள்ளி 'குயில், குரல் மட்டும், அதே மரம்' என்று இன்னொன்று. ஐரோப்பியக் குயிலுக்குச் சிட்டுப்பருந்தின் சாயல் உண்டு. வயிற்றுப் பட்டைகூட அப்படியே. சின்னக் குருவிகளே ஏமாறுகின்றன என்றால் நான் எம்மாத்திரம்? 47.

மெல்போர்னை ஒட்டிய டான்டெனாங் மலைக்காட்டில் நான் கேட்டு எழுதியதுதான் என் பட்டியலின் மகுடம். கூக்கபராவின் சிரிப்பு, சாட்டையைச் சொடுக்குவது போலக் கூவும் விப்பேர்ட், ரோசெல்லா கிளி, கரவாங். பத்தே நிமிடத்தில் நாலு! கடைசியில் புதரிலிருந்து கோழி மாதிரி தரையைச் சீய்த்துக்கொண்டு ஒரு லைர் பறவை வேறு வெளியே வந்தது.

"நாலும் எங்கே இருந்து கேட்டுச்சு?"

"அதே புதர்லதான்."

"ஒரே நேரத்துலயா?"

"இல்லக்கா, ஒண்ணு முடிச்சதும் இன்னொண்ணு. வரிசையா."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. லைர் பறவை மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகத் திருப்பிப் பாடும். நான் கேட்டது முழுக்க ஒரே ஆளின் பலகுரல் கச்சேரி. அக்கா பாவம் பார்க்கவில்லை. நாலு கோடு. 43.

கூகையை ராட்டர்டாமில் ஒரு முறையும் மெல்போர்னில் ஒரு முறையும் எழுதியிருந்தேன். "ஒரே பில்லுக்கு ரெண்டு வவுச்சர்" என்று அதையும் அடித்தாள். 42.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் எவ்வளவு பெரிய ஆள்? அவரே 1758-இல் ஒரு சொர்க்கப் பறவைக்குக் 'கால் இல்லாதது'ன்னு பொருள் வர்ற மாதிரி பேர் வெச்சார். அந்தப் பேர் இன்னும் இருக்கு" என்றேன்.

"அவர் கைக்கு வந்தது காலை வெட்டிப் பாடம் பண்ணின தோல். நீ உயிரோட பார்த்தும் கோட்டை விட்டிருக்கே."

அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

2024 கடைசியில் நடுக்கடலிலிருந்து அவளுக்கு போன் போட்டேன். அந்த ஆண்டு, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் இணையதளத்தின் இனப் பட்டியலைத் திருத்தியவர்கள் கூகையை மூன்று இனமாகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்கக் கூகை தனி. ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் இருப்பது தனி. ஆசியா, ஆஸ்திரேலியாவில் இருப்பது தனி. ஆக ராட்டர்டாம் கூகையும் மெல்போர்ன் கூகையும் சட்டப்படி வேறு வேறு. நான் படுக்கையைவிட்டு எழுந்திருக்காமலே ஒரு பறவை கூடிவிட்டது! அக்காவே தன் கையால் திரும்ப எழுத வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். எழுதினாள், பேனா சத்தம் கேட்டது. 43.

"அந்தத் திருத்தத்தை எனக்கும் அனுப்பு" என்றாள். அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது.

கால் மணி நேரத்தில் அவளிடமிருந்து போன். "நார்வேயில நெத்தியில சிவப்புப் பொட்டு வெச்ச ரெட்போல் குருவி ரெண்டு வகை பார்த்தியே, வெளுத்தது ஒண்ணு, கோடு போட்டது ஒண்ணு?"

"ஆமா. அது ரெண்டும் நிஜமாவே வேற வேறக்கா. எல்லாக் கையேட்டிலயும் இருக்கு."

"இருந்துச்சு. இதே திருத்தத்துல ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டாங்க. நீ கூகையோட நிறுத்திட்டே போல."

பேனா சத்தம் மறுபடியும் கேட்டது.