லாரி வராத டோர் டெலிவரி

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றிலும் நல்ல மழை வருடத்தில் தண்ணீர் ஓடுகிறது. பட்டியலில் இடம் காலியாக இருப்பதால் நான் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: லாரி வராத டோர் டெலிவரி.

எட்டு வருடம் பூனாவில் வாக்கட் பக்கம் குடியிருந்தேன். நைனாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு போன மே மாதம் காட்பாடிக்கே வந்துவிட்டோம். சாமான்களில் பாதியை விற்றாகிவிட்டது. காரை மட்டும் விற்க மனம் வரவில்லை. 2016 வேகன்ஆர், எம்.எச். 14 நம்பர், மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீட்டுக்கு வந்தாள். 1,050 கிலோமீட்டரை நானே ஓட்டிவர என் முதுகு சம்மதிக்காது. அதனால் லாரி.

ஒரு இணையதளத்தில் போன் நம்பரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் பதினோரு அழைப்பு. என் நம்பரைக் கூறு கட்டி விற்றிருப்பார்கள் போல. ஒருவர் 6,800 என்றார். இன்னொருவர் 9,500. நடுவில் ஒருவர் 11,000. கடைசியில் ஒருவர் 24,000 என்று சொல்லிவிட்டு, நான் பதில் பேசுவதற்குள் அவரே 19,000க்கு இறங்கினார்.

இவர்களுக்கு நடுவே ஒரே ஒருவர் மட்டும் என்னிடம் கேள்வி கேட்டார். வண்டி ஸ்டார்ட் ஆகுமா, டயரில் காற்று நிற்குமா, வீட்டு வாசல் தெருவில் பெரிய டிரெய்லர் திரும்புமா. பிறகு சொன்னார்: “வரி எல்லாம் சேர்த்து 17,000. எட்டு நாளிலிருந்து பதினாலு நாள் ஆகும். தேதி சொல்ல மாட்டேன். டிரெய்லர் உங்கள் தெருவுக்கு வராது. வேலூர் பைபாஸில் இறக்குவோம், முதல் நாளே போன் செய்வோம், நீங்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. தேதியே சொல்ல மாட்டேன் என்கிறவரை எப்படி நம்புவது? 9,500 சொன்னவரோ “அஞ்சே நாள் சார், வீட்டு வாசலில் சாவி” என்றார். அவருக்கு 2,000 முன்பணம் அனுப்பிவிட்டு, பெருமையாகப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

பெரியப்பா ராணிப்பேட்டையில் இருபத்தைந்து வருடம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். தோல் லோடு, கெமிக்கல் லோடு எல்லாம் அவர் கையால் போயிருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“இன்னாடா இது. வாடகை கேட்டியா, ஆசை வார்த்தை கேட்டியா?”

அப்புறம் கணக்குப் போட்டார். “டிரெய்லர்ல ஏழு காருன்னு வெச்சிக்க. லிட்டருக்கு மூணரை, மிஞ்சிப்போனா நாலு கிலோமீட்டர். சுமார் 300 லிட்டர் டீசல். 90 ரூபான்னா 27,000. ஏழால வகுத்தா உன் தலைக்கு நாலாயிரத்துக்குக் கிட்ட வருது. இது டீசல் மட்டும்டா. டோல் யாரு குடுப்பா? டிரைவர் பேட்டா? டயர் தேய்மானம், வண்டி டியூ? உன் வீட்லருந்து டிரெய்லர்ல ஏத்துற யார்டுக்கு ஓட்டிக்கினு போறவன் சும்மா வருவானா? நடுவுல புக்கிங் பண்றவன் கமிஷன்? அதுவும் ஏழு காரும் ஏறுனாத்தான் இந்தக் கணக்கு. நாலு காரோட கிளப்புனா அவனுக்கு நஷ்டம். அதனால கிளப்ப மாட்டான், லோடு ரொம்புற வரிக்கும் நிப்பான். அஞ்சு நாள்னு எவனாலயும் சொல்ல முடியாது.”

“அப்ப ஏன் 9,500 சொல்றாங்க?”

“மீனுக்குப் புழு போட்றாங்க. வண்டி அவன் கைக்குப் போனப்புறம் பாரு, மீதி வரும்.”

மீதி வந்தது. வண்டி யார்டுக்குப் போன மறுநாள் முதல் பில். 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,710 ரூபாய். இரண்டாம் நாள் ‘டிரான்ஸிட் இன்சூரன்ஸ்’ 2,800. சான்றிதழ் அனுப்புங்கள் என்று மூன்று முறை கேட்டேன், இன்று வரை வரவில்லை. ஒன்பதாம் நாள், வண்டி பெங்களூருக்கு வெளியே நெலமங்கலா யார்டில் நிற்கும்போது, “வேலூருக்கு ஒரே ஒரு வண்டிதான் சார், அதற்காக டிரெய்லர் திருப்ப முடியாது, டெலிவரி சார்ஜ் 3,500” என்றார்கள். கூட்டிப் பார்த்தால் 17,510. தேதி சொல்லாதவரைவிட 510 ரூபாய் அதிகம்.

இதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. சத்துவாச்சாரியில் பைபாஸ் ஓரம் நின்றால் கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபேக்டரிகளிலிருந்து வரும் புது வண்டிகள். சின்ன வயதில் ஒரு டிரெய்லரில் எத்தனை கார் என்று எண்ணுவதுதான் எங்களுக்கு விளையாட்டு. இத்தனை டிரெய்லர் வாசலைத் தாண்டிப் போகும் ஊருக்கு ஒரு காரை இறக்க 3,500 ரூபாயா? பெரியப்பாவிடம் கேட்டேன். “தாண்டிப் போறதால தாண்டா. அவனுக்கு யார்டு பெங்களூர்லயும் மெட்ராஸ்லயும்தான். நடுவுல நிறுத்தி, ராம்ப் எறக்கி, உன் வண்டி உள்ள மாட்டிக்கினு இருந்தா முன்னாடி நிக்கிற வண்டியெல்லாம் வெளிய எடுத்து, திரும்ப ஏத்தி… அரை நாள் போச்சு. உன் ஊரு வழியில இருந்தா மட்டும் பத்தாது, எறக்குற வரிசையிலயும் இருக்கணும்.”

பதின்மூன்றாம் நாள் காலை நடந்ததைத்தான் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

4:52க்கு போன் சிணுங்கியது. அத்திப்பள்ளி டோலில் என் ஃபாஸ்டேகிலிருந்து பணம் பிடித்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் யாரோ என் கார்டைத் திருடிவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன். 5:40க்கு கிருஷ்ணகிரி. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். “உங்கள் வண்டி பத்திரமாக டிரக்கில் இருக்கிறது சார், டிரக் இன்னும் ஓசூர் தாண்டவில்லை.” 6:35க்கு வாணியம்பாடி டோல். திரும்பப் போன் போட்டால் அதே குரல், அதே ஓசூர். 7:25க்குப் பள்ளிகொண்டா. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பள்ளிகொண்டாவா? அப்ப இன்னும் அரை மணி நேரம்தான்” என்றார்கள். கம்பெனியின் டிராக்கிங்கைவிட எங்கள் அம்மாவின் டிராக்கிங் சரியாக இருந்தது. எட்டு மணிக்கு வண்டி வாசலில் நின்றது.

ஓட்டிவந்தது நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று முகம் சொன்னது. அவனைத் திட்ட வாய் வரவில்லை. அம்மா இட்லி வைத்தார்கள். சாப்பிடும்போது கேட்டேன், உனக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று. 900 ரூபாய், திரும்பிப் போகிற பஸ் காசு அவன் கையிலிருந்து. என்னிடம் 3,500 வாங்கினார்கள். நாலு டோலும் என் கணக்கு. பாக்கி எங்கே போனது என்று அவனும் யோசித்த மாதிரிதான் இருந்தது.

கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தேன். பூனாவில் ஒப்படைக்கும்போது 61,240 என்று படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது 61,512. என் வீட்டிலிருந்து சாக்கன் யார்டு வரை கொஞ்சம், நெலமங்கலாவிலிருந்து காட்பாடி வரை மீதி. லாரியில் அனுப்பிய காரில் 272 கிலோமீட்டர். மறைக்கவாவது முயற்சி செய்திருக்கலாம். ஃபாஸ்டேகைக் கருவி படிக்க முடியாதபடி மூடிவைத்து அனுப்பியிருந்தால், டோல் டோலாக ஓட்டிவந்தது எனக்கு அன்று காலையிலேயே தெரிந்திருக்காது. ஒருவிதத்தில் அதை மூட மறந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் நீங்கள் மறக்காதீர்கள், திறந்த டிரெய்லரில் போனால் டோல் கருவி மேலே நிற்கும் காரின் டேகையும் படித்துவிடலாம்.

முன் பம்பரின் அடி உதட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ராம்ப் ஏறும்போது உரசியிருக்கும். நாற்பது படம் எடுத்து வைத்திருந்தேனே, காட்டிவிடலாம் என்று எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் வண்டி ஒரே மண். கிளம்புகிற அவசரத்தில் கழுவாமலே ஒப்படைத்துவிட்டேன். கீறல் முன்பே இருந்ததா இல்லையா என்று என் படத்தை வைத்து எனக்கே சொல்ல முடியவில்லை. டின்கரிங், பெயின்ட் என்று 2,200 போனது, என் காசு.

அந்தக் கடுப்பில்தான் எல்.ஆர். என்கிற லாரி ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க உட்கார்ந்தேன், பெரியப்பா பக்கத்தில். 2007ஆம் வருடத்து சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கின் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கூடுதல் பொறுப்பை ஏற்கச் செய்யாவிட்டால், பொதுச் சரக்கு ஏற்றுபவரின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். 9,500 வாடகை என்றால் 95,000. வண்டியே தொலைந்திருந்தாலும் அவ்வளவுதான். வாடகை குறைய குறைய அவர்களுடைய பொறுப்பும் குறைகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்குப் போடுவதென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். 2,200 ரூபாய்க்கு யார் நோட்டீஸ் கொடுப்பார்கள்.

இன்னொன்று, இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 2,800 ரூபாய் ஆனது. நாம் வருடா வருடம் கட்டுகிற முழு இன்சூரன்ஸ் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியிலேயே, சாலை வழியாகவோ ரயில் வழியாகவோ வண்டியை ஏற்றிக்கொண்டு போகும்போது ஆகும் சேதமும் வழக்கமாக அடங்கும். உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். கிளெய்ம் செய்தால், கிளெய்ம் செய்யாதவர்களுக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி போகும், சின்னத் தொகையை நாம்தான் ஏற்க வேண்டும், அதெல்லாம் உண்டு. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் இது இல்லை.

பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, அதற்கான படிவம் 28, வேலூரின் டி.என். 23 நம்பருக்கு மாற்றியது, மகாராஷ்டிரத்தில் கட்டிய வரியில் மீதியைக் கேட்டு எழுதியது, எல்லாம் தனிக் கதை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

போன வாரம் எதிர் வீட்டு அக்கா வந்தார்கள். மகனுக்குப் பூனாவில் வேலை, இங்கே நிற்கிற காரை அங்கே அனுப்ப வேண்டும். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார்கள். தேதி சொல்லாத அந்த மனிதரின் நம்பரைத் தேடி எடுத்து நானே ஸ்பீக்கரில் போட்டேன். அதே நிதானம். 18,000, பத்து நாளிலிருந்து பதினைந்து நாள், வண்டியைக் கழுவி வைத்துவிடுங்கள், கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் வேண்டாம், பைபாஸுக்கு நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

போனை வைத்ததும் அக்கா என்னைப் பார்த்தார்கள்.

“அவரு தேதியே சொல்ல மாட்றாரே தம்பி. வேற யார் நம்பராவது இருந்தா குடேன்.”