குடம்

"பெரியப்பா, 'ஈரம்'னு யாரு தேடுவா? 'மழை கவிதை'ன்னு வைங்க."

என் கவிதையின் தலைப்பைப் பார்த்துவிட்டு தம்பி மகன் காலையில், ஜனங்கள் எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கீவேர்ட் பிளானரைத் திறந்து பாடம் எடுத்தான். அம்மா கவிதை, காதல் கவிதை வரிகள், பிறந்தநாள் கவிதை... கல்யாண மண்டப மெனு மாதிரி ஒரு பட்டியல்.

மத்தியானம் முகம் தெரியாத ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார்: "ஒழுகுர ஓட்டுக்கு கீழ அம்மா வச்ச குடம், இது நீங்க எழுதினதா சார்? மூணு நாளா தேடுறேன்."

எழுத்துப்பிழையோடு, என் வரிதான். தலைப்பு அவருக்கு நினைவில்லை. என் பெயரும்தான்.

குறுந்தொகை 40-ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயரும் நமக்குத் தெரியாது. செம்மண்ணில் கலந்த மழைநீரை உவமை சொன்னதால் செம்புலப்பெயனீரார் என்கிறோம்.

சரி, பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலைப்பில் 'மழை கவிதை' சேர்த்துவிட்டேன். குடத்தில் கை வைக்கவில்லை.