ஆஸ்பென் பட்டையில் கருவடுக்கள்

கொலராடோ மாநிலத்திலுள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குச் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆறு நாள் பயணமாகச் சென்றபோது, எடுக்க விரும்பிய படங்களை இரண்டு பட்டியல்களாக எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாக மாறிய ஆஸ்பென் என்னும் வெண்தண்டு மரங்களின் தோப்புகள் இருந்தன. மற்றொன்றில் எல்க் என்னும் பெரிய வகை மான்கள் இருந்தன. காலையும் மாலையும் மான்களுக்கு, இடைப்பட்ட நேரம் இலைகளுக்கு என்று பொழுதையும் பங்கிட்டிருந்தேன். அந்தப் பங்கீடு எவ்வளவு தவறானது என்பது மூன்றாம் நாள் ஒரு மரத்தின் அருகே நின்றபோதுதான் விளங்கியது.

முதலில் இலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசிலையைப் போலவே ஆஸ்பென் இலையும் மிக மெல்லிய காற்றுக்குக்கூட நடுங்கும். அதன் காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதே அதற்குக் காரணம். ஒரு சரிவில் நூறு மரங்களாகத் தெரிவது பல இடங்களில் ஒரே வேரிலிருந்து முளைத்தெழுந்த ஒரே உயிராக இருக்கும் என்பதால், ஒரு தோப்பு முழுவதும் ஒன்றாகப் பழுத்து நிற்க, அதை ஒட்டிய தோப்பு பச்சை மாறாமல் நிற்பதைக் காணலாம். பகல் குறுகும்போது இலையின் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளிப்பட்டு மஞ்சளாகத் தெரிகின்றன. அபூர்வமாகச் சில தோப்புகளில் காணும் செம்மை, ஆந்தோசயனின் என்னும் நிறமி அப்போது புதிதாக உருவாவதால் வருவது. இந்த நிறமாற்றம் உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். பியர் ஏரியைச் சுற்றிக் கிளைகள் வெறுமையாகத் தொடங்கியிருந்த அந்த வாரத்தில், தாழ்வாக உள்ள மொரைன் பார்க் புல்வெளியின் ஓரங்களில் மஞ்சள் முழுமையாக இருந்தது.

இந்த மஞ்சளைப் படமெடுப்பது பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கடினமானது. ஒளியின் நிறச்சாயலைத் தானாகச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெண்சமநிலை, காட்சியில் மஞ்சள் மிகுந்திருப்பதைக் குறையென்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடுகிறது. ஆகவே அதைப் பகலொளிக்குரிய அளவில் நிலைநிறுத்திக்கொண்டேன். ஒளி மிகும்போது படத்தின் சிவப்பு நிறப் பதிவுதான் முதலில் நிரம்பி வழியும் என்பதால், ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பொதுவாகப் பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகப் பார்க்காவிட்டால் இலைகள் நரம்பில்லாத மஞ்சள் திட்டுகளாகிவிடும். இலைப்பரப்பின் பளபளப்பை நீக்கப் போலரைசர் என்னும் லென்ஸ் வடிகட்டி உதவும், மேகமூட்டமான நாளில்கூட. ஆனால் எனக்கு நிறைவு தந்த படங்கள் பெரும்பாலும் சூரியனை எதிர்நோக்கி நின்று எடுத்தவை. ஒளி பின்னாலிருந்து ஊடுருவும்போது ஒவ்வோர் இலையும் விளக்கின் கண்ணாடியைப் போல ஒளிர்கிறது.

மான்களுக்கு இது புணர்ச்சிக் காலம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, 300 கிலோவுக்கும் மேல் எடையுள்ள கலைகள், அதாவது ஆண் மான்கள், புல்வெளிகளுக்கு இறங்கி, பிணைகளை, அதாவது பெண் மான்களைக் கூட்டமாகச் சேர்த்து, மற்றக் கலைகள் நெருங்காமல் காத்து நிற்கின்றன. அவற்றின் குரலை முதல்முறை கேட்டபோது அது மானின் குரல் என்றே நான் நம்பவில்லை. அடித்தொண்டையில் தொடங்கி, குழலின் உச்ச ஓசையாக நீண்டு, விட்டுவிட்டு வரும் உறுமல்களில் முடிகிறது. ஒலியைப் படத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் உறைபனி படிந்த காலையில், மரநிழலின் இருட்டு பின்புலமாக அமைய, எதிரிலிருந்து வரும் ஒளியில் அந்தக் குரலோடு வெளிவரும் மூச்சின் ஆவியைக் கொண்டுவர முடியும். அதற்காக நான்கு காலைகள் ஒரே சாலையோரத்தில் காத்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு காத்திருப்பதில் பயனில்லை: தரையிலிருந்து எழும் வெப்ப அலைகள், தொலைவைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொலைவிலுள்ள விலங்கின் கூர்மையைக் கெடுத்துவிடும்.

எல்க் மானிடமிருந்து குறைந்தது 75 அடியும், மூஸ் என்னும் பெரிய மான், கரடி ஆகியவற்றிடமிருந்து 120 அடியும் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. அந்தப் பருவத்தில் முக்கியமான புல்வெளிகளுக்குள் மாலை முதல் காலை வரை நடக்கவும் தடை உண்டு. இரண்டாம் நாள், விதித்த தொலைவுக்கு வெகுதூரம் அப்பால் நின்றிருந்தபோதே, நான் ட்ரைபாடை அவசரமாக நகர்த்திய ஓசைக்கு மேய்ந்துகொண்டிருந்த பிணைகள் அனைத்தும் தலைதூக்கின. கலை எழுந்து அவற்றை மரங்களுக்குள் ஓட்டிச் சென்றது. இந்த வாரங்களில் கலைகள் மிகக் குறைவாகவே உண்ணும். அடுத்து வருவது கடுங்குளிர். அப்படி இருக்கும்போது ஒரு படத்திற்காக அதன் வலிமையில் சிறு பங்கையும் நான் வீணாக்கியிருக்கக் கூடாது என்று இன்றும் வருந்துகிறேன்.

அந்தக் கூட்டம் சென்று மறைந்த தோப்பை மறுநாள் நண்பகலில், இலைகளுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், போய்ப் பார்த்தேன். ஆஸ்பென் மரங்களின் வெண்ணிறத் தண்டுகள், தரையிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரம் வரை கருத்துச் சொரசொரப்பாக இருந்தன. அதற்கு மேலே அப்பழுக்கற்ற வெண்மை. கருமை நின்ற உயரம், ஒரு மானின் வாய் எட்டும் உயரம். ஆஸ்பென் பட்டைக்கு அடியிலும் பச்சையம் உண்டு. பனிக்காலத்தில் புல் மறைந்துவிடும்போது எல்க் மான்கள் அந்தப் பட்டையைப் பல்லால் சுரண்டி உண்கின்றன, காயம் ஆறும்போது கருப்பாகத் தழும்பேறுகிறது. என் இரண்டு பட்டியல்களும் அந்த ஒரே தண்டில் எழுதப்பட்டிருந்தன.

அந்தத் தழும்புகளுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. வேட்டையால் இப்பகுதியில் ஏறக்குறைய அழிந்துபோன எல்க் மான்களை மீட்க, பூங்கா 1915இல் நிறுவப்படுவதற்குச் சற்று முன்பு, 1913, 1914 ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து 49 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றை வேட்டையாடியிருக்க வேண்டிய ஓநாய்கள் அதற்கு முன்பே ஒழிக்கப்பட்டிருந்தன. மான்கள் பெருகின, ஆஸ்பென் கன்றுகளும் வில்லோ புதர்களும் தலையெடுக்க முடியாமல் மேயப்பட்டன. அவற்றைக் காக்கச் சில இடங்களில் உயரமான வேலிகள் அமைக்கப்பட்டுள்ளன. முதல் நாள் அந்த வேலிகள் படத்தில் விழாதபடி கவனமாக விலக்கியிருந்தேன். அதற்குப் பிறகு வேண்டுமென்றே சேர்த்தேன். வேலிக்கு உள்ளே இளங்கன்றுகள் நெருங்கி நிற்பதும், வெளியே முதிர்ந்த மரங்கள் மட்டும் தனித்திருப்பதும் ஒரே சட்டகத்தில் அடங்குகின்றன.

கடைசிக் காலை 600 மில்லிமீட்டர் லென்ஸைப் பையிலேயே வைத்துவிட்டு, 100 மில்லிமீட்டருடன் நின்றேன். புல்வெளியின் மறுகரையில் ஒரு கலை கூவியது; அதன் பின்னால் தழும்பேறிய தண்டுகள் வரிசையாக இருந்தன, மேலே மஞ்சள் இலைகள், அவற்றுக்கும் மேலே புதுப்பனி விழுந்த மலைமுகடு. சட்டகத்தில் மான் மிகச் சிறியதாகத்தான் இருக்கிறது. பெரிதாக அச்சிட்டுப் பார்த்தால் அதன் கொம்பு முனைகளும் தண்டுகளின் கருமை முடியும் கோடும் ஒன்றையொன்று தொட்டு நிற்பது தெரியும்.