என்எஃப்எல் ஒப்பந்தங்களைப் படிக்க நான் பழகிய விதம்

2015 மார்ச்சில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் மயாமி டால்ஃபின்ஸ் அணி என்டமுக்கன் சூ என்ற வீரரை எடுத்தபோது எங்கே திரும்பினாலும் ஒரே செய்திதான்: 6 வருடம், 114 மில்லியன் டாலர். நானும் அந்த எண்ணை அப்படியே மனதில் போட்டுக்கொண்டேன். 2018 மார்ச்சில் அதே அணி அவரை விடுவித்தது. இன்னும் 3 வருடம் பாக்கி இருக்கிறதே, அந்தப் பணம் என்ன ஆனது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் அமெரிக்கக் கால்பந்து ஒப்பந்தங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சில மாதங்கள் பிடித்தன. இதே குழப்பத்தில் இருக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் புரிய வேண்டியது, பேஸ்பாலிலும் கூடைப்பந்து லீக்கான என்பிஏவிலும் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் முழுப் பணமும் உறுதி. என்எஃப்எல்லில் அப்படி இல்லை. எந்தப் பகுதிக்கு கியாரண்டி என்று எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் உறுதி, மீதியெல்லாம் அணி வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும்தான். சூவின் ஒப்பந்தத்தில் கியாரண்டி கிட்டத்தட்ட 60 மில்லியன். 3 வருடத்தில் அவர் கைக்கு வந்ததும் சுமார் 60. வருடத்துக்கு 20 மில்லியன், அதாவது செய்தியில் வந்த 19 என்ற சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமே! ஆக யாரும் அவரை ஏமாற்றவில்லை. அது 3 வருட ஒப்பந்தம், பின்னால் இருந்த 3 வருடங்கள் அணி விரும்பினால் நீட்டித்துக்கொள்ளக் கொடுத்த வாய்ப்பு. இது புரிந்த அன்றைக்கு, அதுவரை நான் படித்திருந்த எல்லா ஒப்பந்தச் செய்திகளையும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

அதனால் ஒரு ஷீட் போட்டேன். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரிசை, அதில் அடிப்படைச் சம்பளம், சைனிங் போனஸ் (கையெழுத்துப் போட்டதற்குத் தரும் தொகை), ரோஸ்டர் போனஸ் (குறிப்பிட்ட தேதியில் அணியில் இருந்தால் தரும் தொகை), எது கியாரண்டி, அந்த வருடம் விடுவித்தால் என்ன ஆகும் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம்தான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. சைனிங் போனஸ் வீரர் கையில் சீக்கிரமே போய்விடும், ஆனால் சாலரி கேப் (ஒரு அணி ஒரு வருடத்துக்கு வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு) கணக்கில் அதை அதிகபட்சம் 5 வருடத்துக்குப் பிரித்துப் போடலாம். நடுவில் விடுவித்தால் இன்னும் கணக்கில் வராத பங்கு மொத்தமும் ஒரேயடியாக வந்து விழும், அதுதான் டெட் மணி. ஜூன் 1க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்கிடும் சலுகையைப் பயன்படுத்தினால் அதை இரண்டு வருடத்துக்குப் பிரிக்கலாம். சரி, இதை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு மார்ச்சுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இவரை வைத்துக்கொள்ள ஆகும் செலவு பெரியதா, அனுப்பிவிட்டால் விழும் டெட் மணி பெரியதா? எந்த மார்ச்சில் அனுப்புவது தெளிவாக மலிவாகிறதோ அங்கே அணிக்கு வெளியேறும் கதவு திறக்கிறது. அதற்கு முன்னால் வீரர் கையில் வந்து சேரும் ரொக்கம்தான் அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு. என்னைப் பொறுத்தவரை வேறு மதிப்பு கிடையாது.

இப்படிப் பார்த்தால் 2018இல் கர்க் கசின்ஸ் வைகிங்ஸ் அணியில் போட்ட 3 வருட, 84 மில்லியன் ஒப்பந்தம் சூவின் 114ஐவிடப் பெரியது. தலைப்பில் 30 மில்லியன் குறைவு, ஆனால் 84ம் முழுக்க கியாரண்டி, அந்த 3 வருடத்துக்குள் கதவே இல்லை.

கியாரண்டி என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். காலின் கேப்பர்னிக் 2014இல் 49அர்ஸ் அணியோடு போட்டது ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் பேசக்கூடிய வீரர்) ஒப்பந்தம் இல்லை, நீட்டிப்புதான், இருந்தாலும் பாடம் ஒன்றே. 6 வருடம், 126 மில்லியன், 61 மில்லியன் கியாரண்டி என்று படித்து அப்படியே ஷீட்டில் ஏற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, கையெழுத்திடும்போது முழு உறுதியாக இருந்தது சுமார் 13 மில்லியன்தான். மீதி பெரும்பாலும் காயத்துக்கு மட்டுமான உறுதி: அடிபட்டு ஆட முடியாமல் போனால் கிடைக்கும், ஆட்டம் சரியில்லை என்று அனுப்பினால் கிடைக்காது. திறமைக் குறைவு, கேப் நெருக்கடி, காயம் என்று மூன்று காரணங்களுக்கும் சேர்த்து உறுதி எழுதியிருந்தால்தான் அது முழு கியாரண்டி. அன்றிலிருந்து ஷீட்டில் கியாரண்டிக்கு இரண்டு கட்டங்கள்.

ரோஸ்டர் போனஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் மிகவும் பிடித்த பகுதி. லீக் வருடம் மார்ச் நடுவில் தொடங்கும். அதன் 3ஆம் நாளிலோ 5ஆம் நாளிலோ ஒரு போனஸ் கொடுக்க வேண்டும் என்று நல்ல ஏஜென்ட் எழுதி வாங்கிவிடுவார். தொகை எவ்வளவு என்பதைவிட அந்தத் தேதி முக்கியம். அந்தத் தேதிக்குள் அணி முடிவெடுத்தாக வேண்டும். அனுப்புவதாக இருந்தால் மற்ற அணிகளிடம் இன்னும் பணம் இருக்கும் நேரத்திலேயே அனுப்பியாக வேண்டும். சூ விடுவிக்கப்பட்டது மார்ச்சில், அந்த மாதமே ராம்ஸ் அணியில் 1 வருடத்துக்கு 14 மில்லியன் பேசி முடித்தார். இதுவே ஆகஸ்ட்டில் நடந்திருந்தால் எந்த அணியிடம் கேப்பில் அவ்வளவு இடம் மிச்சம் இருந்திருக்கும்?

குறைந்த தொகையும் ஏமாற்றும். 2024இல் ரசல் வில்சன் ஸ்டீலர்ஸ் அணிக்கு 1.21 மில்லியனுக்குப் போனார், அனுபவ வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளம். சந்தை அவரை அவ்வளவுதான் மதித்தது என்று ஷீட்டில் எழுதினால் தவறு. முந்தைய அணியான பிராங்கோஸ் அந்த வருடத்துக்கு அவருக்கு 39 மில்லியன் தர வேண்டியிருந்தது. புதிய அணி கொடுப்பது அதில் கழிந்துவிடும் என்று விதி. அப்படியிருக்க, ஸ்டீலர்ஸ் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் வில்சனுக்கு ஒரு டாலர் கூட ஏறியிருக்காது, பிராங்கோஸுக்குத்தான் மிச்சம்.

வாய்ட் இயர்ஸ் என்று வரும் போலி வருடங்களை (வீரர் ஆடப்போவதில்லை, கேப் கணக்கைப் பிரிக்க மட்டும் சேர்ப்பவை) ஒரு கணக்கில் முடித்துவிடலாம். 1 வருட ஒப்பந்தம், 20 மில்லியன் சைனிங் போனஸ், பின்னால் 4 போலி வருடங்கள். கேப்பில் முதல் வருடம் அந்தப் போனஸில் 4 மில்லியன்தான் தெரியும், அடுத்த மார்ச்சில் வீரர் போனதும் 16 மொத்தமாக வரும். வீரருக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, அணி பிற்காலத்திலிருந்து வாங்கும் கடன் அது.

இப்போதெல்லாம் மார்ச்சில் அணிகள் ஃப்ரீ ஏஜென்ட்களோடு பேசத் தொடங்கும் ஜன்னல் திறந்ததும் வருகிற முதல் எண்களை நான் தொடுவதே இல்லை. பெரும்பாலும் ஏஜென்ட் பக்கத்திலிருந்து வருபவை அவை, எட்ட முடியாத ஊக்கத்தொகைகள் கூட அதில் சேர்ந்திருக்கும். "வரை" என்ற சொல் இருந்தால் இன்னும் கவனம். சில நாளில் விவரம் வெளிவரும், அப்போது ஷீட்டைத் திறந்தால் போதும்.

கடைசியாகச் சேர்த்த கட்டம் கேப்பில் எத்தனை சதவீதம் என்பது. சூவின் 19 மில்லியன் சராசரி, 2015இன் 143.28 மில்லியன் கேப்பில் 13 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே பங்கை 2025இன் 279.2 மில்லியனில் வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 37 மில்லியன் வருகிறது. 3 வருடத்தில் கதவு திறக்கும் ஒப்பந்தம் என்ற குறிப்போடு அந்த வரிசை இன்னும் என் ஷீட்டில் முதலாவதாக இருக்கிறது, புதிய ஒப்பந்தம் எது வந்தாலும் முதலில் அதன் பக்கத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன்.