எழுபத்தைந்தில் தடுக்கி விழுந்தேன்: 54 வயதில் டெல்ஃப் ஏ1

டெல்ஃப் ஏ1 என்பது பிரெஞ்சு மொழிக்கான தொடக்க நிலைத் தேர்வு. அதன் முடிவு போன வாரம் வந்தது. நூற்றுக்கு 67. வாசிப்பில் 22.5, எழுத்தில் 19, பேச்சில் 15.5. கேட்டலில் மட்டும் 25க்கு 10. அந்தப் பத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டேன். ஏதாவது ஒரு பகுதியில் 5க்குக் கீழே இறங்கினால், மற்றவற்றில் அள்ளிக் குவித்திருந்தாலும் தேர்ச்சி கிடையாது. கேட்டல் முடிந்த கையோடு மனத்துக்குள் நான் எனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் நான்குதான்.

இத்தனைக்கும் எனக்கு வேலைக்கோ மேல்படிப்புக்கோ பிரெஞ்சு தேவையில்லை. ஒரு ரொட்டிக் கடையில் பட்ட அவமானம்தான் காரணம். போன முறை பிரான்சில் லியோன் நகரில் தங்கை வீட்டில் இருந்தபோது, காலையில் நானே போய் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி இரண்டு விரலை நீட்டினேன். கடைக்காரப் பெண் அசையவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாக, "போன்ஜூர், மதாம்", அதாவது வணக்கம் அம்மா, என்றார். நான் மறுபடியும் விரலை நீட்டினேன். அவரும் மறுபடியும் "போன்ஜூர், மதாம்." எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் நானும் ஒரு போன்ஜூர் சொன்ன பிறகுதான் ரொட்டி காகிதப் பைக்குள் இறங்கியது. வாசலுக்கு வந்தவரை 'வா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பத்து வருடம் மனத்தாங்கல் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

பயணத்துக்குப் பேச்சு மட்டும் போதாதா, தேர்வு எதற்கு என்று தங்கை கேட்டாள். பணம் கட்டித் தேதி குறித்தால்தான் நான் புத்தகத்தைத் திறப்பேன். அப்படி இல்லாதவர்கள் தேர்வைப் பற்றிக் கவலைப்படாமல், கீழே உள்ளவற்றில் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த வகுப்பில் மூன்று மாதமும் வினைச்சொல் அட்டவணைதான். ஒலிப்பதிவு கேட்க வைத்தது மொத்தமே நான்கு நாள். எண்களை ஒரே மணி நேரத்தில் ஒப்பித்து முடித்துவிட்டார்கள். நானும் வரிசையாக ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லத் தெரிந்ததும் எண்கள் வந்துவிட்டதாக நம்பினேன். வரிசையாகச் சொல்வது வேறு, திடீரென்று காதில் விழும் ஓர் எண்ணைப் பிடிப்பது வேறு.

பிரெஞ்சில் 70க்குத் தனிச் சொல் இல்லை. அறுபது பத்து. 75 என்றால் அறுபது பதினைந்து, 'சுவாசாந்த் கேன்ஸ்'. 80 என்றால் நான்கு இருபது, 'கத்ர வேன்'. 92 என்றால் நான்கு இருபது பன்னிரண்டு. மாதிரித் தேர்வு ஒன்றில் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். அங்கே பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகத்தான் சொல்வார்கள், ஆக ஐந்து ஜோடி. என் தாளில் ஏழு ஜோடி இருந்தது. 75 வந்த இடத்தில் 60, 15 என்றும், 92 வந்த இடத்தில் 80, 12 என்றும் எழுதியிருந்தேன். இலக்கம் மிஞ்சுகிறதே என்று பார்த்து அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது.

அசல் தேர்விலும் இதேதான். கேள்வியை அப்படியே சொல்லக் கூடாது என்பதால் வகையை மட்டும் சொல்கிறேன். விலை கேட்பார்கள், கீழே உள்ள விடைகளில் ஒன்று அறுபதில் தொடங்கும். 'சுவாசாந்த்' காதில் விழுந்ததும் பேனா அங்கே பாய்ந்துவிடும். வால் பின்னால் வருகிறது என்பது டிக் அடித்த பிறகுதான் உறைக்கும். இரண்டாம் முறை ஒலிக்கும்போது சரிபார்க்கலாம் என்பார்கள். பதறியவருக்கு இரண்டாம் முறையும் முதல் முறை கேட்டதுதான் கேட்கும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சுவாசாந்த் என்றோ கத்ர வேன் என்றோ கேட்டால் பேனாவைத் தாளிலிருந்து தூக்கிவிடுங்கள். அடுத்த சொல் வரும் வரை எழுதாதீர்கள்.

பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கு 'செப்தாந்த்', 90க்கு 'நோனாந்த்' என்று ஒழுங்காகச் சொல்கிறார்கள். பிரான்சுக்கு மட்டும் இந்த இருபதுக் கணக்கு ஏன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பழைய காலத்தில் இன்னும் அதிகமாம். பாரிஸில் 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றோர் 300 பேருக்காக அமைத்த மருத்துவமனைக்கு இன்றும் 'கேன்ஸ் வேன்' என்றுதான் பெயர். பதினைந்து இருபது, முந்நூறு. தங்கை சொன்னாள்: "நாம் மட்டும் என்னவாம்? 90ஐ நூறைச் சேர்த்துத் தொண்ணூறு என்கிறோம், 900ஐ ஆயிரத்தைச் சேர்த்துத் தொள்ளாயிரம் என்கிறோம்." அதன் பிறகு புலம்பலை நிறுத்திக்கொண்டேன்.

நேரத்திலும் இதே பொறி உண்டு. இரண்டு மணி 'தெஸர்', பன்னிரண்டு மணி 'தூஸர்'. ஆறு மணி 'ஸீஸர்', பத்து மணி 'தீஸர்'. ரயில் நிலையத்தில் 24 மணிக் கணக்கில் அறிவிப்பார்கள். தெஸருக்கும் தூஸருக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ரயில் போய்விடும்.

இங்கே வேறு வழியில்லாமல் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். நான் ரொட்டியையும் குளியலையும் 'பேன்' என்றே எழுதிவைத்திருந்தேன். அங்கே ஒன்றுக்கு வல்லின 'ப', மற்றதற்கு மெலிந்த 'ப'. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். காலை உணவுக்குப் பேன் என்று குறிப்பேட்டில் இருந்ததைப் பார்த்து என் கணவர் சிரித்ததுதான் மிச்சம்.

எழுத்துத் தேர்வு பற்றிச் சுருக்கமாக:

- படிவத்தில் தேசியம் என்ற இடத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் இந்தியர் என்பதற்கு 'ஏந்தியென்' என்ற பெண்பால் வடிவம்தான். தேசியம் என்ற சொல்லே பெண்பால்.
- குடும்பப் பெயர் கேட்பார்கள். இனிஷியலோடு வாழ்ந்த நமக்கு அங்கே கை நிற்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுதுங்கள், யோசிக்காதீர்கள்.
- 40 சொல்லுக்குக் குறையக் கூடாது. இரண்டு இடைவெளிக்கு நடுவே இருப்பது ஒரு சொல். எனவே 'என்னிடம் இருக்கிறது' என்று பொருள்படும் 'ஜே' என்பது மேற்குறி போட்டு ஒட்டி எழுதப்பட்டாலும் ஒன்றுதான்.
- தொடக்க வணக்கமும் முடிவில் பெயரும் மறக்கக் கூடாது.

வாசிப்புக்கு நான் தனியாக எதுவும் செய்யவில்லை. ஆங்கிலம் தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் ஆங்கிலத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள், தமிழில் யோசியுங்கள். இதில் என்னோடு படித்த இளைஞர்களுக்கு உடன்பாடு இல்லை. எனக்கு இதுதான் கைகொடுத்தது. தேர்வாளரை 'நீங்கள்' என்று சொல்வதா, 'நீ' என்று சொல்வதா என்று ஆங்கிலவழி யோசிப்பவர்கள் திணறினார்கள். நமக்கு 'வூ'வும் 'தூ'வும் பிறந்தபோதே தெரியும். 'சாப்பிடப் போகிறேன்' என்பதை அவர்களும் 'ஜ வே மான்ஜே' என்று போவதை வைத்தே சொல்கிறார்கள். எதிர்காலத்துக்குப் பயணத்தில் இது ஒன்றே போதும். கேள்விக்கு நாம் கடைசியில் ஓர் ஆகாரத்தைச் சேர்க்கிறோம், அவர்கள் முன்னால் 'எஸ் க' என்று வைக்கிறார்கள், அவ்வளவுதான். பேச்சுத் தேர்வில் சீட்டு எடுத்து நாமே கேள்வி கேட்க வேண்டிய பகுதியை முழுக்க எஸ் கவை வைத்தே ஓட்டினேன். சினிமா என்று சீட்டு வந்தால் எஸ் க உங்களுக்குச் சினிமா பிடிக்கும், சனிக்கிழமை என்று வந்தால் எஸ் க நீங்கள் சனிக்கிழமை வேலை செய்கிறீர்கள். தமிழ் நமக்கு உதவாத இடம் பால் வேறுபாடு. மேசை ஏன் பெண், புத்தகம் ஏன் ஆண் என்பதற்கு மனப்பாடம் தவிர வழியில்லை. பயணத்தில் பாலை மாற்றிச் சொன்னாலும் மேசை கிடைக்கும்.

கடைக்குப் போய் வாங்குவது போல நடிக்கும் பகுதியில்தான் ரொட்டிக் கடை மறுபடியும் வந்தது. நாம் என்ன கேட்க வேண்டும் என்று புத்தகம் சொல்லித்தருகிறது. எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று சொல்லித்தருவதில்லை. "ஜ வூத்ரே", எனக்கு வேண்டும், என்று தொடங்கி இரண்டு பொருளை ஒப்பித்தேன். தேர்வாளர் சிரித்துக்கொண்டே, "ஏ அவெக் சஸி?" என்றார். இதோடு வேறு என்ன வேண்டும் என்று பொருள். லியோனில் கேட்ட அதே கேள்வி. அங்கே அது விளங்காமல், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நின்றவள் நான். இந்த முறை "செ து, மெர்சி", அவ்வளவுதான், நன்றி, என்றேன். 15.5இல் ஒரு பங்காவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

பயணிகள் காதுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டியவை:

- ஏ அவெக் சஸி: வேறு என்ன?
- சூர் ப்ளாஸ் ஊ ஆ ஆம்போர்த்தே: இங்கேயே சாப்பிடவா, எடுத்துப்போகவா?
- பார் கார்த்: அட்டையில் பணம் கட்டுகிறீர்களா?

வாய்க்குப் பழக்க வேண்டியவை:

- போன்ஜூர். எதைக் கேட்பதற்கும் முன்னால், பஸ் ஓட்டுநரிடமும்கூட.
- யூன் கராஃப் தோ: உணவகத்தில் இதைக் கேட்டால் குழாய்த் தண்ணீர் குவளையில் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்றால் காசு போட்டு பாட்டில் வரலாம்.
- வூ பூவே ரெப்பெத்தே, சில் வூ ப்ளே: திரும்பச் சொல்ல முடியுமா? பேச்சுத் தேர்விலும் தயங்காமல் கேளுங்கள். நான் இரண்டு முறை கேட்டேன்.
- ஜ ன மான்ஜ் பா த வியாந்த், நி த புவாசோன்: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. மீனைத் தனியாகச் சொல்லாவிட்டால் சாலடில் மீன் வந்து உட்காரும்.

அக்டோபரில் மறுபடியும் லியோன் போகிறேன். எண் பயிற்சியை இன்னும் விடவில்லை. ஆட்டோவில் போகும்போது முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பலகையைப் பார்ப்பேன், கடைசி நான்கு இலக்கத்தை இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்வேன். 7615 என்றால் சுவாசாந்த் சேஸ், கேன்ஸ். தேர்வுக்கு முன்பே இதைத் தொடங்கியிருந்தால் கேட்டலில் வந்த பத்து, பதினெட்டு ஆகியிருக்கும். என் கணவரும் இப்போது சேர்ந்துகொண்டார், கஷ்டமான எண்ணாகப் பார்த்துப் பொறுக்குவார். நேற்று சிக்னலில் ஒரு லாரியைக் காட்டினார், 9798. கத்ர வேன் தீஸ் செத், கத்ர வேன்... பச்சை விழுந்து லாரி போய்விட்டது. நான் இரண்டாவது ஜோடியில் நின்றுகொண்டிருந்தேன்.