பல் மருத்துவரிடம் செல்லப் பெரியவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்?

பெரிய அறுவை சிகிச்சைக்குத் தயங்காமல் உடன்பட்டவர்கள்கூட ஒரு சொத்தைப் பல்லைக் காட்டுவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். "இந்த வயதில் என்ன பயம்?" என்று அவரிடம் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனெனில் இந்த அச்சத்துக்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

பலருக்கு அது சிறுவயதில் தொடங்குகிறது. கை கால்களைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள, ஊசி மருந்து முழுதாக வேலை செய்யும் முன்பே பல் பிடுங்கப்பட்ட அனுபவம் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. வலியின் அளவு மறந்துபோனாலும், வேண்டாம் என்று அழுதும் யாரும் நிறுத்தவில்லை என்பது நினைவில் நிற்கிறது. பல் மருத்துவரின் நாற்காலியோ அந்த நிலையை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறது: மல்லாந்து படுத்திருக்கிறோம், வாய் திறந்திருப்பதால் பேச முடிவதில்லை, உள்ளே நடப்பதைப் பார்க்கவும் முடிவதில்லை. 1950களின் இறுதியில் பரவிய, காற்றழுத்தத்தால் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் முறை சுழன்று பல்லைக் குடையும் கருவி சிகிச்சை நேரத்தை வெகுவாகக் குறைத்தது உண்மைதான். ஆனால் அதன் கீச்சொலி தாடை எலும்பு வழியாகவும் உட்செவியை எட்டுவதால், காதைப் பொத்திக்கொண்டாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது, இந்த அச்சம் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும் விதம். பல்லின் மேலுறையான எனாமலில் நரம்புகள் இல்லாததால் தொடக்கநிலைச் சொத்தை வலிப்பதில்லை. அஞ்சுபவர் வலி வரும்வரை காத்திருக்கிறார். அதற்குள் சொத்தை உள்ளே இறங்கி, பல்லின் நடுவே நரம்புகள் நிறைந்த மென்திசுவான பற்கூழ் அழற்சியடைந்துவிடுகிறது. அழற்சியுற்ற திசுவில் அமிலத்தன்மை கூடுவதால், மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே செல்வது குறைகிறது. குறிப்பாகக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களை அந்நிலையில் மரக்கச் செய்வது மருத்துவர்களுக்கே கடினமான வேலை. ஆகவே எவர் மிக அதிகமாக அஞ்சினாரோ, அவருக்கே ஊசி சரியாக வேலை செய்யாமல் போகும் வாய்ப்பும் அதிகம்; அடுத்த முறை அவர் இன்னும் தாமதமாகத்தான் வருவார். போதாக்குறைக்கு, மருந்தின் வேலை நீடிப்பதற்காக ஊசியில் பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலினும் சேர்க்கப்படுகிறது. அதனால் சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பதற மாட்டார்.

வெட்கமும் ஒரு காரணம். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட வாயை இன்னொருவர் முன் திறந்து காட்டுவது பெரிய கூச்சத்தைத் தருகிறது. "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி, அக்கறையோடு கேட்கப்பட்டாலும், சிலரை மீண்டும் வராதபடி செய்துவிடும்.

அஞ்சுபவர் அதை நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. முதல் வருகையைப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்கலாம். ஈறில் முதலில் மரப்புக் களிம்பு தடவி, பிறகு ஊசியை மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். இவை போதாதவர்களுக்கு, பதற்றத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகமூடி வழியாகத் தரும் முறையும், அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் உளவியல் சிகிச்சையும் உள்ளன. நான் மிகவும் மதிப்பது மருந்தே இல்லாத ஓர் ஏற்பாட்டைத்தான்: நோயாளி கையை உயர்த்தினால் மருத்துவர் உடனே நிறுத்துவார் என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது. அண்ணனின் மருத்துவர் அவர் கை உயர்ந்த ஒவ்வொரு முறையும், காரணம் கேட்காமல் கருவியை வெளியே எடுத்தார். வேர் சிகிச்சையின் (ரூட் கெனால்) மீதிக்கு அண்ணன் தானாகவே நேரம் வாங்கினார்.