கவுண்ட் டிஸ்டிங்ட்டும் ஓவரும் ஒட்டவே ஒட்டாது

டேட்டாபேஸில் உள்ள லாகின் டேபிளிலிருந்து எஸ்கியூஎல்லில் ஒரு ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு லாகினும் தனி ரோவாக அப்படியே நிற்க வேண்டும். பக்கத்திலேயே அந்தப் பயனர் இதுவரை மொத்தம் எத்தனை வெவ்வேறு கருவிகளிலிருந்து நுழைந்திருக்கிறார் என்ற எண்ணும் வர வேண்டும். ரோக்கள் சுருங்கக் கூடாது என்றால், குழுவுக்கு ஒரு ரோ என்று சுருக்கிவிடும் வெறும் குரூப் பை உதவாது; ரோக்களை அப்படியே விட்டு, தொடர்புள்ள ரோக்களைச் சேர்த்துக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன்தான் வழி. எண்ணுவதற்குக் கவுண்ட், அதற்குள் ஒரே மதிப்பை இருமுறை எண்ணாமலிருக்க டிஸ்டிங்ட் போட்டுக் கருவி எண், பிறகு அதை விண்டோ ஃபங்ஷனாக்கும் ஓவர், குழு பிரிக்கப் பயனர் வாரியாகப் பார்ட்டிஷன் பை. ஓடவிட்டால், விண்டோ ஃபங்ஷன்களுக்கு டிஸ்டிங்ட் இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கையை விரித்துவிட்டது.

எழுத்துப்பிழை என்றால் திருத்திவிட்டுப் போகலாம். நீ எழுதியது புரிகிறது, ஆனால் அந்த வசதி இங்கே இல்லை என்றால் என்ன செய்வது? போஸ்ட்கிரெஸில் விண்டோ ஃபங்ஷன்கள் 2009-இல் 8.4 பதிப்போடு வந்தவை. கையேட்டைப் புரட்டினால், விண்டோவாகப் பயன்படுத்தும்போது டிஸ்டிங்ட்டுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வாக்கியம் கிடக்கிறது. மாற்று வழி பற்றி அங்கே பேச்சே இல்லை. எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் எல்லாம் இதே கதைதான். ஆரக்கிள், ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி போன்ற சிலவற்றில் ஓடும். அதனால் அங்கே பழகியவர்கள் "எனக்கு ஓடுமே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஆரக்கிளில்கூட அந்த ஓவருக்குள் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை சேர்த்தால் பிழைதான்.

இதற்கு எல்லோரும் கைகாட்டும் தந்திரம் டென்ஸ் ரேங்க்; ஒரே மதிப்புக்கு ஒரே இடம் தந்து, இடைவெளி விடாமல் 1, 2, 3 என்று எண் போடும் ஃபங்ஷன். பயனருக்குள் கருவி எண்ணை ஏறுவரிசையில் வைத்து ஒரு டென்ஸ் ரேங்க், இறங்குவரிசையில் இன்னொன்று; இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழி. ஐந்து வெவ்வேறு கருவிகள் இருந்தால், ஏறுவரிசையில் இரண்டாவதாக வருவது இறங்குவரிசையில் நான்காவதாக வரும். இரண்டும் நான்கும் ஆறு, ஒன்று போக ஐந்து. எந்த ரோவை எடுத்தாலும் இதே விடைதான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

வினையே அந்த அழகில்தான். சில லாகின்களில் கருவி எண் பதிவாகவே இல்லை, அதாவது நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை). கவுண்ட் டிஸ்டிங்ட் நல்லை எண்ணாது. டென்ஸ் ரேங்க்குக்கோ நல்லும் ஒரு மதிப்பு, அதற்கும் ஒரு இடம் உண்டு. அதனால் கருவி எண் இல்லாத லாகின் ஒன்றாவது இருக்கிற பயனருக்கெல்லாம் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. மூன்று கருவி வைத்திருப்பவருக்கு நான்கு என்று வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? தனியாக ஒரு குரூப் பை போட்டு, சாதாரண கவுண்ட் டிஸ்டிங்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எந்த வழியில் எழுதினாலும் இந்த ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திருத்தம் சின்னதுதான். கருவி எண் நல்லாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று ஒரு கேஸ் (நிபந்தனைக் கூற்று). பயனர் வாரியாக அதன் மேக்ஸை (அதிகபட்ச மதிப்பை) எடுத்து விடையிலிருந்து கழித்துவிட வேண்டும். எல்லா ரோவும் நல்லாகவே இருக்கிற பயனருக்கும் சரியாகப் பூஜ்யம் வரும். ஆனால் ஒழுங்காக இருக்கட்டுமே என்று இரண்டு ஆர்டர் பையிலும் நல்ஸ் லாஸ்ட் சேர்த்துவிடாதீர்கள். ஏறுவரிசையும் இறங்குவரிசையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு நிற்கும். நல் இரண்டிலும் கடைசியில் போய் உட்கார்ந்தால் நல் ரோவுக்கு ஒரு விடை, மற்ற ரோக்களுக்கு வேறு விடை.

அடுத்தது வேகம். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்தால் ஏறுவரிசைக்கு ஒரு சார்ட் (வரிசைப்படுத்தும் வேலை), இறங்குவரிசைக்கு இன்னொரு சார்ட். சின்ன டேபிளுக்குப் பரவாயில்லை. லாகின் டேபிள் எப்போது சின்னதாக இருந்திருக்கிறது?

சரி, பழைய வழிக்கே போகலாம், பயனர் வாரியாகக் குரூப் பை போட்டு எண்ணி, அதை மூல டேபிளோடு ஜாயின் செய்யலாம் என்று பார்த்தேன். படிக்கவும் எளிது, பல சமயம் வேகமும்கூட. அங்கேயும் நல் காத்திருந்தது, இந்த முறை பயனர் எண்ணில். தோற்றுப்போன லாகின் முயற்சிகளில் பயனர் யாரென்றே தெரியாது. பார்ட்டிஷன் பை அவற்றையெல்லாம் ஒரே குழுவாகச் சேர்த்துக்கொள்ளும். சமக்குறி போட்ட ஜாயினோ அவற்றைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுவிடும், ஏனென்றால் நல்லும் நல்லும் சமமில்லை. போஸ்ட்கிரெஸில் சமக்குறிக்குப் பதில், நல்லையும் நல்லையும் ஒன்றாகக் கருதும் ஈஸ் நாட் டிஸ்டிங்ட் ஃபிரம் எழுதினால் ரோக்கள் தப்பிக்கும், ஆனால் அதற்கு ஹாஷ் ஜாயின் என்ற வேகமான இணைப்பு முறை கிடைக்காமல் ஆமை வேகத்துக்கு வந்துவிடும்.

கடைசியில் நிலைத்தது எந்தத் தந்திரமும் இல்லாத ஒன்று. உள் குவெரியில் பயனர், கருவி இரண்டையும் பார்ட்டிஷனில் வைத்து, நேரப்படி 1, 2, 3 என்று எண் போடும் ரோ நம்பர். அது 1 ஆகவும் கருவி எண் நல் அல்லாமலும் இருந்தால் கொடி 1, மற்றதெல்லாம் 0. வெளிக் குவெரியில் அந்தக் கொடியை சம் செய்து (கூட்டி), ஓவரில் பயனர் வாரியாகப் பார்ட்டிஷன். ஒவ்வொரு கருவியையும் முதலில் பார்த்த இடத்தில் மட்டும் எண்ணுகிறோம், அவ்வளவுதான். உள்ளே வெளியே என்று இரண்டு அடுக்கு கட்டாயம், ஏனென்றால் விண்டோ ஃபங்ஷனுக்குள் இன்னொரு விண்டோ ஃபங்ஷனை நுழைக்க முடியாது. பெரிய லாபம் என்னவென்றால், "அந்தத் தேதி வரைக்கும் எத்தனை கருவிகள்" என்று பிறகு கேட்டபோது வெளி ஓவரில் நேரத்தை ஆர்டர் பையாகச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. ஒரே நேர முத்திரையில் இரண்டு லாகின் இருந்தால், எதுவும் குறிப்பிடாதபோது சட்டகம் (கணக்கில் சேரும் ரோக்களின் எல்லை) ஒரே நேர ரோக்களைச் சேர்த்தே எடுக்கும் ரேஞ்ச் என்பதால் இரண்டுக்கும் ஒரே கூட்டுத்தொகை வரும். வேண்டாமென்றால் உள்ளும் வெளியும் ஆர்டர் பையில் லாகின் எண்ணையும் சேர்த்து, ரோ ரோவாக எடுக்கும் ரோஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: விண்டோ ஃபங்ஷன் ஓடுவது, ரோக்களை வடிகட்டும் வேர் (WHERE) பகுதிக்குப் பிறகுதான். "இந்த மாதம் மட்டும் காட்டு" என்று உள் குவெரியிலேயே வேர் போட்டால், எண்ணிக்கையும் இந்த மாதத்துக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். வடிகட்டலை வெளியே இன்னொரு அடுக்கில் வைத்தேன்.

இதெல்லாம் முடிந்ததும், "கடைசி 30 நாட்களில் எத்தனை கருவிகள்" என்று ஒவ்வொரு ரோவுக்கும் கேட்டார்கள். நகரும் சட்டகத்தில் முதல் தடவை எது என்பதே ரோவுக்கு ரோ மாறும். கொடி அங்கே செல்லாது. லேட்டரல் ஜாயின் வைத்து, ஒவ்வொரு ரோவுக்கும் தனியாகச் சாதாரண கவுண்ட் டிஸ்டிங்ட் ஓடவிட்டேன். பயனர் எண்ணையும் நேரத்தையும் சேர்த்து, தேடலை வேகப்படுத்தும் ஒரு இன்டெக்ஸ் போட்ட பிறகு பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு ஓடுகிறது. இன்டெக்ஸ் இல்லாமல் முயற்சிக்கவே வேண்டாம்.